கொட்டையின் முதுகில் ஒரு புள்ளி

 

நோன்பு திறக்கும் வேளையில் நாம் முதலில் கையில் எடுப்பது பேரீச்சம்பழம். பழத்தை உண்டபின் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி விடுகிறோம். நம்மில் எத்தனை பேர் அந்தக் கொட்டையை ஒருமுறையேனும் உற்று நோக்கியிருப்போம்? நானும் நோக்கியதில்லை. என்னை நோக்க வைத்தவன் என் வகுப்பில் ஓதும் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன். அவனுக்கு நான் இழைத்த ஒரு தவற்றையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திருமறை விரிவுரை வகுப்பு அது. மிக அற்பமான பொருளுக்கு உவமையாக அல்லாஹ் பேரீச்சங்கொட்டையின் மூன்று பகுதிகளைக் குறிப்பிட்டிருப்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். கொட்டையின் நீளப் பள்ளத்தில் கிடக்கும் மெல்லிய நார் 'ஃபதீல்' (4:49). கொட்டையின் முதுகில் உள்ள சிறு புள்ளி 'நகீர்' (4:53). கொட்டையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு 'கித்மீர்' (35:13). மறுமையில் அந்த நாரளவும் அநீதி இழைக்கப்படாது. கஞ்சர்கள் ஆட்சியைப் பெற்றாலும் அந்தப் புள்ளியளவும் பிறருக்கு ஈயமாட்டார்கள். இறைவனையன்றி அழைக்கப்படுபவை அந்தச் சவ்வளவும் உரிமை பெற்றவையல்ல. இவையே அவ்வசனங்களின் கருத்து.

அப்போது அம்மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், நாரும் தோலும் எதற்கென்று விளங்குகிறது. அந்தப் புள்ளி எதற்காக இருக்கிறது?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "இது தேர்வில் வராது. உட்கார்" என்றேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்தான். அதன்பின் பல மாதங்கள் அவன் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அந்த அமைதியை நான் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

மணல் சட்டியில் கிடைத்த விடை

அடுத்த ரமளானில் என் மகள், நோன்பு திறந்தபின் மிஞ்சிய கொட்டைகள் சிலவற்றை உடைந்த சட்டியொன்றில் ஈரமணலிட்டுப் புதைத்து வைத்திருந்தாள். சில வாரங்கள் கழிந்து ஒரு நாள், "வாப்பா, கொட்டைக்கு வால் முளைத்திருக்கிறது!" என்று கூவியபடி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். வெண்மையான அந்த 'வால்' புறப்பட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். கொட்டையின் முதுகில் இருந்த அதே புள்ளி!

அன்றிரவு அரபு அகராதியைப் புரட்டினேன். 'நகீர்' என்பது கொட்டையின் முதுகிலுள்ள குழி. அங்கிருந்தே பேரீச்சை முளைக்கிறது என்று பழைய அகராதி ஆசிரியர்கள் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விடை என் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் தேடவில்லை.

அந்தப் புள்ளிக்கு நேர் கீழே ஓர் அரிசிமணியினும் சிறிதாக முளைக்கரு உறங்குகிறது. கொட்டையின் எஞ்சிய கடினப் பகுதி முழுவதும் அக்கருவுக்கென இறைவன் கட்டி வைத்த கட்டுச்சோறு. இதனைத் தாவர நூலார் 'முளைசூழ்தசை' என்பர். ஈரமும் வெப்பமும் வாய்த்ததும் கருவின் வித்திலை நீண்டு, புள்ளியைத் திறந்துகொண்டு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனியிலிருந்து வேர் விடுகிறது. பிறகு வாள் போன்ற முதல் இலை மேலே வருகிறது. வித்திலையின் மறுமுனையோ கொட்டைக்குள்ளேயே தங்கி, கல்போன்ற உணவைச் சிறிது சிறிதாகக் கரைத்து இளங்கன்றுக்கு ஊட்டுகிறது.

இது நமக்குப் புதிய காட்சியன்று. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் ஒன்றைத் 'தேங்காய்ப் பூ' என்று பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். அது பூவன்று, உணவை உறிஞ்சும் அதே வித்திலைதான்.

கித்மீரின் செய்தியும் சுவையானது. அது விதையின் தோலன்று, பழத்தின் உள்ளுறை. மாம்பழத்தில் விதையைச் சுற்றிக் கெட்டி ஓடாக இருப்பது எதுவோ, அதுவே பேரீச்சையில் ஊதினால் பறக்கும் சவ்வாக இருக்கிறது. அதனால் மாங்கொட்டையின் ஓடு பழத்தைச் சேர்ந்தது. பேரீச்சங்கொட்டையோ முழுவதும் விதையே.

இந்த விதை எத்தனை காலம் உறங்கும்? சாக்கடலின் மேற்குக் கரையோரம் உள்ள மசாதா மலைக்கோட்டையில் 1960களில் நடந்த அகழாய்வில் பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுப் பழமையுடைய அவற்றுள் ஒன்று, 2005ஆம் ஆண்டு மண்ணில் ஊன்றப்பட்டபோது முளைத்து மரமாயிற்று! இறந்த பூமியை உயிர்ப்பிப்பதைக் காட்டி மறுமையை நினைவூட்டும் இறைமறையை ஓதுகின்ற நாம், இத்தகைய செய்திகளைக் கேட்டதும் கடந்து போய்விடலாமா?

உதிராத இலை

மறுநாள் முளைத்த அந்தக் கொட்டையை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அந்த மாணவனை அழைத்து அவன் கையில் கொடுத்து, "உன் கேள்விக்கு விடை இது. அன்று எனக்குத் தெரியாது. தெரியாததை மறைக்க உன்னை உட்கார வைத்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவன் தலைகுனிந்து கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெருமானார் (ஸல்) அவர்களின் சபையில் நிகழ்ந்த ஒன்று அப்போது என் நினைவுக்கு வந்தது. இலை உதிராத ஒரு மரம் உண்டு. அது முஸ்லிமுக்கு உவமை. அது எந்த மரம் என்று நபியவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் காட்டு மரங்களை எண்ணினார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பேரீச்சை என்ற விடை உதித்தது. பெரியவர்கள் அமைதியாக இருக்கக் கண்டு, வெட்கி வாய் திறவாதிருந்துவிட்டார்கள். பின்னர் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் இதனைச் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வங்களைவிட எனக்கு அது உகப்பாக இருந்திருக்கும் என்ற கருத்தில் அவர்கள் வருந்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. பிள்ளை சபையில் வாய் திறப்பதைச் செல்வத்தினும் மேலாக மதித்தார் அந்தத் தந்தை. நானோ கேட்டவனின் வாயை அடைத்தேன்.

அந்த உவமைக்குரிய மரத்தின் அமைப்பையும் சிறிது பார்ப்போம். தாவரங்களில் விதையே இல்லாத பாசிகளும் பெரணிகளும் உண்டு. பைன் மரம் போன்று விதையைப் பழத்துக்குள் மூடி வைக்காதவையும் உண்டு. பூத்துக் காய்த்து விதையைப் பழத்துக்குள் பொதிந்து வைப்பவையே மிகப் பெரும்பாலானவை. இவற்றுள்ளும் இரு பிரிவுகள். புளியங்கொட்டையும் அவரையும் இரண்டாகப் பிளக்கும். அவை இருவித்திலைத் தாவரங்கள். நெல்லும் தென்னையும் பனையும் பேரீச்சையும் ஒரே வித்திலை உடையவை.

வித்திலை ஒன்றா இரண்டா என்பது மரத்தின் உடல் முழுவதிலும் தெரியும். வேம்பு ஆண்டுதோறும் பருக்கும். அதன் பட்டைக்கு உட்புறம் புதிய மரத்தை உண்டாக்கும் 'கேம்பியம்' என்னும் வளர்அடுக்கு உண்டு. பேரீச்சைக்கு அது கிடையாது. எனவே அதன் தண்டில் ஆண்டு வளையங்கள் இல்லை. கிளைபரப்பித் தழைப்பதும் இல்லை. ஆணிவேருக்குப் பதிலாகச் சல்லிவேர்க் கூட்டமே அதனைத் தாங்குகிறது. உச்சியிலுள்ள ஒரே குருத்துதான் தண்டின் உயிர்நிலை. அரபியில் 'ஜும்மார்' எனப்படுவது அக்குருத்தே. நபியவர்கள் மேற்சொன்ன கேள்வியைக் கேட்ட வேளையில் அவர்கள் முன் ஜும்மார் கொண்டுவரப்பட்டிருந்தது என்றும் ஓர் அறிவிப்பு உள்ளது. வேம்பை வெட்டினால் துளிர்க்கும். பேரீச்சையின் குருத்தை வெட்டினால் அத்தண்டு அத்தோடு முடிந்தது.

இலை உதிராமை என்பதும் கண்கூடு. ஓர் ஓலை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை பசுமையாய் உழைக்கும். காய்ந்த பின்னும் அது தானே கழன்று விழுவதில்லை. மரத்தோடு ஒட்டியே தொங்கும். மனிதன் ஏறி அறுத்தால்தான் உண்டு.

அது காய்க்குமா?

சிறிது நேர அமைதிக்குப்பின் அந்த மாணவன் மெல்லக் கேட்டான்: "ஹஜ்ரத், இது வளர்ந்தால் காய்க்குமா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவன் கேட்ட கேள்வி! இம்முறை, "எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். தேடியதில் கிடைத்தது இது.

தென்னையில் ஒரே பாளையில் ஆண்பூவும் பெண்பூவும் இருக்கும். ஆகவே எல்லாத் தென்னையும் காய்க்கலாம். பனையும் பேரீச்சையும் அப்படியல்ல. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரத்தின் பாளை வெடித்தால் வெண்ணிறப் பூக்களிலிருந்து மாவு போன்ற மகரந்தம் உதிரும். பெண்மரத்தின் பாளையில் சிறு மணிகள் போன்ற மஞ்சள் கலந்த பூக்கள் இருக்கும். மகரந்தம் பெண்பூவைச் சேர்ந்து சூல் கொண்டால்தான் நல்ல கனி உண்டாகும். காற்று அந்தப் பணியைச் செய்யும். திருமறை காற்றுகளை 'லவாகிஹ்' என்கிறது (15:22). மேகங்களையும் மரங்களையும் சூல்கொள்ளச் செய்பவை என்று விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் கூறியுள்ளனர்.

காற்றை மட்டும் நம்பினால் தோப்பில் பாதி ஆண்மரங்களாக நிற்க வேண்டும். எனவே மிகப் பழங்காலம் முதலே மெசபொத்தேமியா, அரேபியா நாட்டு உழவர்கள் மரமேறி, ஆண்பூவின் சில காம்புகளை அறுத்துப் பெண்பாளையின் நடுவே செருகிக் கட்டி வருகின்றனர். இதனால் நூறு பெண்மரங்களுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்மரங்களே போதுமாகின்றன. தாவரங்களுக்கும் ஆண் பெண் உண்டு என்பதை ஐரோப்பாவில் ஜெர்மானிய அறிஞர் கேமராரியஸ் சோதனைகளால் நிறுவி எழுதியது 1694ஆம் ஆண்டில்தான். அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அபூ ஹனீஃபா அத்தீனவரி என்னும் முஸ்லிம் அறிஞர் 'கிதாபுன் நபாத்' என்று தாவரங்களுக்கென்றே பெருநூல் இயற்றியிருந்தார்.

கொட்டையிலிருந்து முளைத்த கன்று ஆணா பெண்ணா? ஏறத்தாழ சரிபாதி வாய்ப்பு. பூக்கும்வரை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது. அதற்கு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை ஆகலாம். மசாதாக் கொட்டை மரமும் பூத்தபோது ஆணாகவே இருந்தது. அதே பாலைநிலப் பகுதியின் மற்றொரு பழங்கொட்டையிலிருந்து வளர்ந்த பெண்மரத்துக்கு அதன் மகரந்தத்தைச் சேர்த்த பின்னரே 2020ஆம் ஆண்டு கனி கிடைத்தது.

2011ஆம் ஆண்டு கத்தார் நாட்டில் பணியாற்றும் ஆய்வாளர்கள் பேரீச்சையின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, விதையின் பாலினம் மனிதரில் போலவே ஆணின் வழியாகத்தான் முடிவாகிறது என்று கண்டனர். பெண்பிள்ளை பிறந்ததற்காக மருமகளைக் குறைசொல்லும் குடும்பத்தினர் இதனைச் சற்றே சிந்திக்கட்டும்!

அப்படியானால் அஜ்வா மரம் எப்படி அஜ்வாவாகவே தொடர்கிறது? விதையினால் அன்று. வாழையடியில் கன்று தோன்றுவதுபோல், இளம் பேரீச்சையின் அடியிலும் பக்கக்கன்றுகள் தோன்றும். தாயின் உடலிலிருந்தே வந்தவை ஆதலால் அவை தாயின் குணத்தையும் பாலினத்தையும் அப்படியே கொண்டிருக்கும். அஜ்வாவின் விதையை ஊன்றினால் வருவது அஜ்வாவின் பிள்ளை, அஜ்வா ஆகாது. இக்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையிலும் கன்றுகளைப் பெருக்குகின்றனர். நம் தர்மபுரி மாவட்டத்திலும் அத்தகைய கன்றுகளைக் கொண்டு தோட்டங்கள் அமைத்திருக்கிறார்கள்.

மதீனத்துத் தோப்பில்

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாணவன், நான் உள்ளூர அஞ்சிய கேள்வியையே கேட்டான். "ஹஜ்ரத், ஆண்பூவைச் சேர்க்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் ஓதினோமே. அதனால் மகசூல் குறைந்துவிட்டதே. அதை எப்படி விளங்குவது?"

பழைய நானாக இருந்திருந்தால் ஈமானைக் காரணம் காட்டி அவனை அடக்கியிருப்பேன். ஆனால் அவன் ஐயப்பட்டுக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளவே கேட்டான்.

ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நிகழ்ச்சி அது. மக்காவில் வளர்ந்த நபியவர்கள் மதீனா வந்தபோது, மக்கள் பேரீச்சைக்குச் சூல் சேர்ப்பதைக் கண்டு, இதனால் பயன் இருக்கும் என்று தாம் எண்ணவில்லை என்றார்கள். தோழர்கள் அதனை விட்டுவிட்டார்கள். அவ்வாண்டு மரங்கள் 'ஷீஸ்' என்னும் மட்டமான காய்களையே தந்தன. செய்தி எட்டியதும், தாம் ஓர் எண்ணத்தையே கூறியதாகவும், அத்தகைய எண்ணத்தின்பேரில் தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டாமென்றும், அல்லாஹ்விடமிருந்து ஒன்றை அறிவித்தால் அதனைப் பற்றிக்கொள்ளுமாறும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். உங்கள் உலக விவகாரங்களை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்திலும் அறிவிப்பு உள்ளது.

அந்த 'ஷீஸ்' என்ற சொல்லைத் தாவரவியல் விளக்குகிறது. பேரீச்சையின் பெண்பூவில் மூன்று சூலிலைகள் உண்டு. சூல்கொண்டால் ஒன்று மட்டும் வளர்ந்து சதைப்பற்றுள்ள கனியாகும்; மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும். சூல்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் மூன்றும் ஒட்டியபடி சிறுத்து, விதையற்ற, சுவையற்ற காய்களாக நின்றுவிடும். மதீனத்து உழவர்கள் கண்டது அதுவேயாகும்.

பாருங்கள்! உலகம் முழுவதற்கும் தூதராக வந்தவர்கள், தமது எண்ணத்தால் ஒரு தோப்பின் மகசூல் குறைந்ததை மறைக்கவில்லை. உழவனின் அறிவை உழவனுக்கே உரியதென ஒப்படைத்தார்கள். அந்தச் சொல்லைத் தோழர்களும் மறைக்கவில்லை. ஹதீஸ் இமாம்களும் மறைக்கவில்லை. மார்க்கத்தை வஹீயிலிருந்து கற்க வேண்டும்; மரத்தை மரத்திடமிருந்தும் அதனை அறிந்தவரிடமிருந்தும் கற்க வேண்டும். இரண்டையும் படைத்தவன் ஒருவனே ஆதலால் நாம் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கேள்விக்கு "தெரியாது" என்று சொல்ல எனக்கு இருந்த கூச்சம், நபிவழியிலிருந்து வந்ததன்று. என் ஆணவத்திலிருந்து வந்தது. இதை நான் உணர ஒரு பேரீச்சங்கொட்டை தேவைப்பட்டது.

அன்புப் பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதேனும் கேட்டால், விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பெண்பிள்ளை தாவரவியல் படிக்க விரும்பினால், அடுப்படிக்கு அது எதற்கு என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிடாதீர்கள். அறிவியலைப் படித்தால் ஈமான் குறையும் என்று அஞ்சுபவர்கள், பதிலளிக்கப்படாத கேள்வி பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

உங்களில் ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருக்கும் நிலையில் இறுதிநாள் வந்துவிட்டாலும், இயலுமாயின் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அதில் வரும் 'ஃபஸீலா' என்ற சொல், தாய்மரத்தடியில் பிரித்தெடுக்கும் பக்கக்கன்றைக் குறிப்பது. அதன் நிழலில் அமர்வோமா, கனியை உண்போமா என்ற கணக்குப் பார்க்காமல் நடச் சொல்கிறது மார்க்கம்.

அந்த மாணவன் முளைத்த கொட்டையைத் தன் வீட்டுக் கொல்லையில் நட்டிருக்கிறான். வாரம் ஒருமுறை வந்து, எத்தனை இலை விட்டது என்று சொல்கிறான். அது ஆணா பெண்ணா என்று தெரியச் சில ஆண்டுகள் ஆகும். பெண்ணாக இருந்தாலும் மகரந்தம் தர வேறொரு மரம் வேண்டும். இவ்வளவும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

"பரவாயில்லை ஹஜ்ரத், பார்ப்போம்" என்றான்.

இன்ஷா அல்லாஹ், பார்ப்போம். வஸ்ஸலாம்.